79 டாலர் டிக்கெட் எங்கே கூடியது?

கேள்வி: திருச்சியிலிருந்து அடிலெய்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. என் அக்கா சிட்னியில் டூங்காபியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போக 79 டாலர் என்று ஒரு டிக்கெட் கண்ணில் பட்டது. பெட்டி, இருக்கை, கார்டு கட்டணம் என்று சேர்ந்து முடிவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. திரும்பும்போது விமான வாசலில் கைப்பையை எடை போட்டு மேலும் பணம் வாங்கினார்கள். கணவர் மாதம் ஒரு முறை மெல்பர்ன் அலுவலகத்துக்குப் போய் வரவேண்டும், அந்தச் செலவு எங்களுடையது. டிசம்பரில் அப்பா அம்மா வருகிறார்கள், இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. அவர்களைச் சிட்னி முருகன் கோயிலுக்கும், மெல்பர்னில் டார்னீட்டில் இருக்கும் கணவரின் நண்பர் வீட்டுக்கும் கூட்டிப்போக ஆசை. மகனுக்கு ஜனவரி நடுவில் இரண்டு வயது முடிகிறது. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் தேடினால் மலிவு, இன்காக்னிட்டோவில் தேடினால் மலிவு என்கிறார்கள். எது உண்மை? எப்படித்தான் இங்கே குறைந்த விலையில் உள்ளூர் விமானம் பிடிப்பது?
— ஒரு வாசகி, அடிலெய்டு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புது நாட்டில் முதல் ஆறு மாதம் கையிலிருக்கும் பணம் எப்படிக் கரையும் என்பது எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்துத் தரும் இந்த வேலையில் உங்களைப் போன்ற குடும்பங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த 79 டாலர் பொய் விலை இல்லை. ஆஸ்திரேலியச் சட்டப்படி, தவிர்க்கவே முடியாத கட்டணம் எதுவானாலும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் போய்த்தான் கார்டு கட்டணம் தெரியும்படி வைத்திருந்ததற்காக, 2017இல் ஃபெடரல் நீதிமன்றம் ஜெட்ஸ்டாருக்கு 5,45,000 டாலரும் வர்ஜினுக்கு 2,00,000 டாலரும் அபராதம் போட்டது. ஆனால் பெட்டி, இருக்கைத் தேர்வு, சாப்பாடு எல்லாம் ‘நீங்கள் விரும்பினால் மட்டும்’ என்ற கணக்கில் வருவதால் சட்டம் அதைத் தடுக்காது. கைக்குழந்தையோடு போகும் குடும்பம் பெட்டியில்லாமல் எப்படிப் போகும்? 79 டாலர் என்பது முதுகுப்பை ஒன்றோடு போய்வரும் தனி ஆளின் விலை. உங்கள் கணவர் மெல்பர்ன் போகும்போது அது அவருக்குப் பொருந்தும். உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு பயணத்துக்கு இரண்டு விதமாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டின் உள்ளூர் வானத்தில் போட்டி மிகக் குறைவு. குவான்டாஸ், அதன் குழுமத்தைச் சேர்ந்த ஜெட்ஸ்டார், வர்ஜின் ஆஸ்திரேலியா என்று மூன்று பெயர்கள் தெரிந்தாலும் உரிமையாளர்கள் இரண்டு பேர்தான். உள்ளூர்ப் பயணிகளில் ஏறக்குறைய 98 சதவீதம் பேர் இந்த இரண்டு தரப்பின் விமானங்களில்தான் போகிறார்கள் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையமே சொல்லியிருக்கிறது. 2023 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய போன்சா, 2024 ஏப்ரலில் நின்றுபோனது. 2021இல் பெருநகரங்களுக்கு இடையே ஜெட் விமானம் விட்டு விலையைக் குறைக்க வைத்த ரெக்ஸ், 2024 ஜூலையில் அந்தச் சேவையைக் கைவிட்டது. புதிதாக ஒருவர் வந்து விலையைக் குறைப்பார் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. இருக்கிற இரண்டு தரப்பும் எப்போது, எதற்காக விலையைக் குறைக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் வழி.

விலை எப்படி அமைகிறது என்று பார்ப்போம். ஒரு விமானத்தின் எகானமி இருக்கைகள் எல்லாமே ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. உள்ளே பல விலைப் பிரிவுகள் இருக்கும். மிகக் குறைந்த பிரிவில் கொஞ்சம் இருக்கைகள், அது தீர்ந்ததும் அடுத்தது, பிறகு அதற்கு மேல். எந்தப் பிரிவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை விற்பனையின் வேகத்தைப் பார்த்து கணினி முடிவு செய்கிறது. நீங்கள் காலையில் ஒரு விலை பார்த்து மாலையில் கூடிவிட்டது என்றால், பெரும்பாலும் இடையில் யாரோ அந்தப் பிரிவின் கடைசி இருக்கையை வாங்கியிருப்பார்கள். அல்லது நீங்கள் காலையில் பார்த்த தேடுதளம் பழைய விலையைக் காட்டியிருக்கும். உங்கள் உலாவியில் இருக்கும் குக்கீயை, அதாவது நீங்கள் முன்பு தேடியதன் பதிவைப் பார்த்து விமான நிறுவனம் விலையை ஏற்றுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பதிவு இல்லாமல் தேடும் இன்காக்னிட்டோவால் கெடுதல் ஒன்றுமில்லை, லாபமும் இல்லை. செவ்வாய் நள்ளிரவுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். செவ்வாய், புதன், சனி மதியம் ‘பறந்தால்’ மலிவாக இருப்பது மட்டும் பெரும்பாலும் உண்மை. அலுவலகக்காரர்கள் திங்கள் காலையும் வியாழன், வெள்ளி மாலையும் இருக்கைகளை எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

இந்த விலைப் பிரிவு விஷயத்தில் குடும்பங்கள் அடிக்கடி ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. நான்கு பேருக்கு என்று தேடுகிறீர்கள். குறைந்த பிரிவில் மூன்று இருக்கைதான் மிச்சம். அப்போது பல தளங்கள் மூன்று பேருக்குக் குறைந்த விலை, ஒருவருக்கு மட்டும் கூடுதல் விலை என்று பிரித்துக் காட்டாது. நான்கு பேரையுமே அடுத்த பிரிவுக்குத் தூக்கிவிடும். அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு, அப்புறம் நால்வருக்கு. தலைக்கு வரும் விலை மாறினால் இரண்டு முன்பதிவாகப் பிரித்து எடுங்கள். அப்படிப் பிரிக்கும்போது கைக்குழந்தை எப்போதும் உங்களில் ஒருவரின் முன்பதிவிலேயே இருக்கட்டும். விமானம் ரத்தானால் இரண்டு முன்பதிவையும் தனித்தனியாக மாற்றவேண்டி வரும். அப்பா அம்மாவை மட்டும் தனியாக ஒரு முன்பதிவில் விட்டால், அவர்கள் சார்பில் நீங்கள் பேசவேண்டியிருக்கும். 10 டாலர் மிச்சத்துக்காக அதைச் செய்யவேண்டாம். 40, 50 டாலர் மிஞ்சும் என்றால் செய்யலாம்.

இனி பெட்டி. உங்கள் பணம் போனது இங்கேதான்.

ஜெட்ஸ்டாரின் அடிப்படை டிக்கெட்டில் உள்ளே எடுத்துப்போக ஒரு பை, ஒரு சிறு கைப்பை, இரண்டும் சேர்ந்து 7 கிலோ. பலர் பைக்கு 7 கிலோ, கைப்பை தனி என்று நினைத்துவிடுகிறார்கள். மடிக்கணினி, தண்ணீர் பாட்டில், குழந்தையின் மாற்றுத்துணி என்று வைத்தாலே 7 கிலோ தாண்டிவிடும். வாசலில் எடை போட்டுப் பிடித்தால் வாங்கும் கட்டணம்தான் இருப்பதிலேயே அதிகம். டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்தால் குறைவு, பின்னால் இணையத்தில் சேர்த்தால் கொஞ்சம் அதிகம், விமான நிலையத்தில் இன்னும் அதிகம் என்று படிப்படியாக ஏறும். குவான்டாஸில் உள்ளூர் எகானமி டிக்கெட் எதுவானாலும் 23 கிலோ பெட்டி ஒன்று சேர்ந்தே வருகிறது. கைப்பைகளும் இரண்டு சேர்ந்து 14 கிலோ வரை போகலாம், எந்த ஒரு பையும் 10 கிலோவைத் தாண்டக்கூடாது. வர்ஜினில் ‘லைட்’ டிக்கெட்டுக்குப் பெட்டி கிடையாது, அதற்கு அடுத்த ‘சாய்ஸ்’ டிக்கெட்டுக்கு 23 கிலோ உண்டு.

குழந்தைக்கும் கணக்கு வேறுபடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் உட்கார்ந்து வந்தால் குவான்டாஸிலும் வர்ஜினிலும் உள்ளூரில் இலவசம். ஜெட்ஸ்டாரில் ஒரு சிறு கட்டணம் உண்டு. தள்ளுவண்டியைப் பெட்டிகளோடு போட எங்கும் பணம் வாங்குவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், எந்த நாளின் உண்மை விலையும் இல்லை. ஜெட்ஸ்டாரில் ஒருவருக்கு 79, இருவருக்கு 158. ஆளுக்கொரு பெட்டி 40 வீதம் 80. குழந்தைக்கு 30. மொத்தம் 268. அதே நாள் குவான்டாஸில் ஒருவருக்கு 129 என்றால் இருவருக்கு 258, அதற்கு மேல் ஒன்றுமில்லை. 79 தோற்றுவிட்டது. ஆனால் குடும்பத்துக்கே ஒரு பெட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்தால் ஜெட்ஸ்டார் 228க்கு இறங்கிவிடும், இப்போது அதுதான் மலிவு. நான்கு நாள் அக்கா வீட்டுக்குப் போக ஒரு பெட்டி தாராளம். அங்கே துவைக்கும் இயந்திரம் இருக்கிறது, போர்வை இருக்கிறது. ஆளுக்கொரு பெட்டி என்பது நம் ஊர்ப் பழக்கம். அதை விட்டால் இந்த நாட்டில் மலிவு விமானம் உண்மையிலேயே மலிவாகும். இருக்கைத் தேர்வுக்குப் பணம் கட்டவேண்டாம். குழந்தை உங்கள் மடியில்தானே இருக்கப்போகிறான், கணவர் இரண்டு மணி நேரம் வேறு வரிசையில் உட்கார்ந்தால் என்ன? கார்டு கட்டணத்தைப் பொறுத்தவரை, பணம் கட்டும் பக்கத்தில் எந்த முறைக்குக் கட்டணம் குறைவு அல்லது இல்லை என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே உள்ளூர் டிக்கெட்டுகள் ஒருவழி விலையில்தான் விற்கப்படுகின்றன. போகவர ஒன்றாக எடுத்தால் தள்ளுபடி என்று எதுவும் கிடையாது. ஆகவே போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்று தாராளமாகக் கலந்து எடுக்கலாம். போகும்போது பெட்டி லேசாக இருக்கும், ஜெட்ஸ்டார் போதும். வரும்போது அக்கா கொடுத்துவிடுவதெல்லாம் சேரும், அப்போது குவான்டாஸ் லாபமாக இருக்கலாம். தேடும்போதே இரண்டு ஒருவழிப் பயணமாகத் தேடிப் பழகுங்கள்.

தேடுவதற்கு கூகுள் ஃப்ளைட்ஸ் எனக்குப் பிடித்தது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளின் விலையும் தெரியும், விலை மாறினால் மின்னஞ்சலும் வரும். ஸ்கைஸ்கேனரும் நல்லதுதான். ஆனால் அங்கே பார்த்துவிட்டு, வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், சாதாரண உள்ளூர் டிக்கெட்டுக்கு நடுவில் ஒருவர் தேவையில்லை. இடைத்தரகர் தளத்தில் ஐந்து டாலர் குறைவாகத் தெரியும். முடிவில் அவர்கள் சேவைக் கட்டணம் சேரும். பெரிய தொல்லை, விமானம் ரத்தாகும்போது வரும். நிறுவனத்தைக் கேட்டால் தளத்தைக் கேள் என்பார்கள், தளத்தைக் கேட்டால் நிறுவனத்தைக் கேள் என்பார்கள். நடுவில் கைக்குழந்தையோடு நீங்கள் நிற்பீர்கள்.

தள்ளுபடி விற்பனைகள் இங்கே அடிக்கடி வரும். வர்ஜின் வியாழக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை ‘ஹேப்பி ஹவர்’ என்று ஒன்று நடத்துகிறது. ஜெட்ஸ்டார் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி விலை குறைக்கும். குவான்டாஸ் இடையிடையே பெரிய விற்பனை அறிவிக்கும். மூன்றுக்கும் மின்னஞ்சல் பதிவு செய்து வைத்தால் போதும். ஆனால் விற்பனை விலை எந்தத் தேதிகளுக்கு என்று பாருங்கள். பள்ளி விடுமுறை, ஈஸ்டர், கிறிஸ்துமஸ் காலம் பெரும்பாலும் அதில் இருக்காது. சாதாரண வாரங்களுக்கு ஆறு முதல் பத்து வாரம் முன்னால் வாங்குவது என் கணக்கில் சரியாக வரும். டிசம்பர் 18 முதல் ஜனவரி முதல் வாரம் வரை என்றால் காத்திருக்கவே கூடாது, மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடவேண்டும். கடைசி நேரத்தில் காலி இருக்கையை மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்பது இங்கே நடப்பதில்லை. கடைசி நேரத்தில் வாங்குகிறவர் அவசரக்காரர், கேட்ட விலை கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கணவரின் மாதப் பயணம் எளிது. தேதி அவர் கையில் இருந்தால் அலுவலகத்தோடு பேசி செவ்வாய் அல்லது புதனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்த மூன்று மாதத்துத் தேதிகளை ஒரே நாளில் உட்கார்ந்து, ஒரு விற்பனை வரும்போது, சேர்த்தே வாங்கிவிடலாம். 7 கிலோவுக்குள் அடங்கும் பை, சமையலறைத் தராசில் இல்லாவிட்டாலும் ஒரு சிறு கைத்தராசில் வீட்டிலேயே எடை பார்த்துவிட வேண்டும். மெல்பர்ன் டல்லமரீன் நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஸ்கைபஸ் என்ற விமான நிலையப் பேருந்து நேராகப் போகும், ஆனால் விலை அதிகம். அவசரமில்லாத நாளில் 901 பேருந்தில் பிராட்மெடோஸ் வரை போய், அங்கிருந்து ரயில் பிடித்தால் வழக்கமான மைக்கி (மெல்பர்ன் பேருந்து, ரயில் அட்டை) கட்டணம்தான். கூடுதல் நேரம் ஆகும். காலைக் கூட்டத்துக்கு ஸ்கைபஸ், மாலை திரும்பும்போது 901 என்று வைத்துக்கொள்ளலாம். அடிலெய்டு பக்கம் உங்களுக்கு அதிர்ஷ்டம். விமான நிலையம் நகரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான், சாதாரண மாநகரப் பேருந்தே போகிறது.

அப்புறம், அடிலெய்டு நேரம் சிட்னி, மெல்பர்ன் நேரத்தைவிட எப்போதும் அரை மணி பின்னால். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். 11 மணிக்குக் கூட்டம் என்றால் அந்த அரை மணியையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இப்போது டிசம்பர். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அப்பா அம்மாவுக்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்ற ஒரு வரி. உள்ளூர் விமானத்தில் மிச்சம் பிடிக்க உங்களுக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு அந்தப் பன்னாட்டு டிக்கெட்டில்தான் இருக்கிறது.

எல்லோரும் செய்வது, சென்னையிலிருந்து அடிலெய்டுக்குப் போகவர டிக்கெட் எடுத்து, பிறகு அடிலெய்டிலிருந்து சிட்னிக்கு நால்வரும் தனியாக டிக்கெட் எடுப்பது. அதற்குப் பதிலாக, ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறும்படி டிக்கெட் எடுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு மூன்றுக்குமே பறக்கின்றன. வரும்போது சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சிட்னி, திரும்பும்போது அடிலெய்டிலிருந்து சென்னை. இதைத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்ற பொத்தானில் தேடவேண்டும். பல நேரம் சாதாரண போகவர டிக்கெட்டின் விலைக்கு அருகிலேயே வரும். அப்பா அம்மா நேராக அக்கா வீட்டில் இறங்குவார்கள், நீங்கள் மூவரும் அடிலெய்டிலிருந்து போய்ச் சேர்ந்துகொள்வீர்கள். அவர்கள் இருவருக்கும் அடிலெய்டு-சிட்னி டிக்கெட் மிச்சம். வயதானவர்களுக்கு ஒரு விமானப் பயணமும் மிச்சம்.

எப்போது வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, டிசம்பர் முதல் பாதி. பள்ளிகள் நடுவில்தான் மூடும், அதன் பிறகு விலை ஏறும். புத்தாண்டு வாணவேடிக்கை வாரத்தில் சிட்னி விலை உச்சத்தில் இருக்கும். பிப்ரவரிக்குத் தள்ளினாலும் விலை குறையும்தான், ஆனால் உங்கள் மகனுக்கு அதற்குள் இரண்டு வயது முடிந்திருக்கும். இரண்டாவது பிறந்தநாளிலிருந்து அவனுக்குத் தனி இருக்கை வாங்கியே ஆகவேண்டும். வயதைப் பயண நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், டிக்கெட் எடுத்த நாளை வைத்து இல்லை. மூன்று விமானங்கள் என்றால் மூன்று இருக்கை விலை. டிசம்பர் 5 முதல் 14க்குள் சிட்னி, மெல்பர்ன் இரண்டையும் முடித்து அடிலெய்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் பொருந்துகிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு கிளெனெல்க் கடற்கரையைக் காட்டலாம்.

இதில் ஒரே சிக்கல் அவர்கள் கொண்டுவரும் பெட்டிகள். பன்னாட்டு டிக்கெட்டில் 25 கிலோ, 30 கிலோ என்று அனுமதி இருக்கும். அம்மா அதை முழுசாக நிரப்பிக்கொண்டுதான் வருவார். சிட்னியில் இறங்கியதும் அந்த அனுமதி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மெல்பர்னுக்குத் தனி உள்ளூர் டிக்கெட்டில் ஏறும்போது 23 கிலோதான். 30 கிலோப் பெட்டியோடு கவுன்டரில் நின்றால் கூடுதல் எடைக் கட்டணம். 32 கிலோவுக்கு மேல் இருக்கும் ஒற்றைப் பெட்டியை எடுக்கவே மாட்டார்கள், பணம் கட்டினாலும். ஜெட்ஸ்டாரில் நீங்கள் வாங்கும் மொத்த எடையை ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் பிரித்து வைத்துக்கொள்ளலாம், குவான்டாஸின் கணக்கோ பெட்டி எண்ணிக்கை. எனவே ஊரிலிருந்து கட்டும்போதே அக்காவுக்கான சாமான் ஒரு பெட்டி, உங்களுக்கானது ஒரு பெட்டி என்று பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். அக்காவின் பெட்டி டூங்காபியிலேயே காலியாகி, மற்றதில் மடிந்து உட்கார்ந்துவிடும். சிட்னியிலிருந்து மெல்பர்ன், மெல்பர்னிலிருந்து அடிலெய்டு என்ற இரண்டு பயணத்துக்கும் பெட்டியுடன் வரும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குத் தேடும்போது அவலான் என்ற பெயர் வரும். அது மெல்பர்னின் இன்னொரு விமான நிலையம், நகரத்திலிருந்து தென்மேற்கே 50 கிலோமீட்டருக்கு மேல், ஜீலாங் பக்கம். ஜெட்ஸ்டார் அங்கே பறக்கிறது. மெல்பர்னின் தென்கிழக்கில் டாண்டினாங்கில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன், விலையில் மிஞ்சியது வழியில் போய்விடும். ஆனால் நீங்கள் போவது டார்னீட். மேற்குப் புறநகரில் இருப்பவர்களுக்கு அவலான் எளிதாக வந்து அழைத்துப்போகும் தூரம்தான். நண்பர் காரில் வருவதாக இருந்தால், விலை குறைவாக இருக்கும் நாளில் தயங்காமல் எடுங்கள்.

சிட்னியில் தரைச் செலவை மறந்துவிடாதீர்கள். விமான நிலைய ரயில் நிலையங்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் பெரியவர் ஒருவருக்கு 17 டாலருக்கு மேல் தனிக் கட்டணம் ஒன்று உண்டு. 420 எண் பேருந்தில் மாஸ்காட் நிலையம் வரை போய் அங்கே ரயில் ஏறினால் அது கிடையாது. தனியாகப் போகும் மாணவருக்கு இது நல்ல வழி. தள்ளுவண்டி, பெட்டி, தூங்கி விழும் குழந்தையோடு நீங்கள் இதைச் செய்யவேண்டாம். அக்கா வீட்டில் யாராவது காரில் வந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நேராக ரயிலில் போங்கள்.

நேரம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம். சிட்னி, அடிலெய்டு இரண்டு விமான நிலையங்களிலும் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்கு ஊரடங்கு உண்டு, பயணிகள் விமானங்கள் பொதுவாக ஏறி இறங்க முடியாது. சிட்னியில் சாதாரணமாக மணிக்கு 80 விமானங்களுக்கு மேல் ஏறி இறங்கவும் முடியாது. காற்றோ புயலோ வந்து மதியம் தாமதமானால் அது மாலைக்குள் பெருகி, கடைசி விமானங்கள் ரத்தாவது வழக்கம். கடைசி விமானம் மலிவாகத் தெரியும். மறுநாள் முக்கியமான வேலை இருந்தால் அதை எடுக்காதீர்கள். முதல் விமானமும் பெரும்பாலும் மலிவுதான், நேரத்துக்கும் கிளம்பும். விமான நிறுவனமே ரத்து செய்தால் வேறு விமானமோ பணமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உடனே வவுச்சரை ஏற்றுக்கொண்டுவிட வேண்டாம். ஆனால் ஐரோப்பாவில் இருப்பதுபோலத் தாமதத்துக்கு இவ்வளவு என்று இழப்பீட்டுத் தொகை எதுவும் இங்கே சட்டத்தில் குறிக்கப்படவில்லை.

சாப்பாட்டுக்கு விமானத்தில் பணம் கொடுக்காதீர்கள். உள்ளூர் விமானங்களில் திரவக் கட்டுப்பாடு கிடையாது. தண்ணீர் பாட்டில், குழந்தைக்குப் பால், தயிர் சாதம் எல்லாம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி எடுத்துப்போகலாம். ஆனால் அடிலெய்டுக்குத் திரும்பும்போது பழம், தக்காளி, மிளகாய், கத்தரிக்காய் எதுவும் பையில் இருக்கக்கூடாது. பழங்களைக் கெடுக்கும் பழ ஈ என்ற பூச்சி வராமல் இருக்கத் தெற்கு ஆஸ்திரேலியா அவற்றை மாநிலத்துக்குள் விடுவதில்லை, அபராதம் உண்டு. அக்கா தோட்டத்து மிளகாயை அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

புள்ளிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட்டுவிட மனமில்லை. வூல்வொர்த்ஸ் கடையின் எவ்ரிடே ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் குவான்டாஸுக்கும், கோல்ஸ் பக்கத்து ஃப்ளைபைஸ் புள்ளிகளை வர்ஜினின் புள்ளித் திட்டமான வெலாசிட்டிக்கும் மாற்றலாம். வெலாசிட்டியில் சேர இலவசம். எப்படியும் மளிகை வாங்குகிறீர்கள், அட்டையைத் தேய்த்து வையுங்கள். புள்ளிக்காக மட்டும் ஆண்டுக் கட்டணம் உள்ள கிரெடிட் கார்டு வாங்குவதை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நினைக்கவே வேண்டாம். வீட்டு வாடகை, கார், குழந்தைகள் காப்பகம் என்று செலவு நிலைப்படாத நேரத்தில் அந்தக் கடன் வட்டி, எந்த விமான டிக்கெட்டையும்விட அதிகமாகிவிடும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மாவுக்கு ‘சிட்னியில் இறங்கி அடிலெய்டில் ஏறுவது’, ‘போகவர அடிலெய்டு’ என்று இரண்டு விதமாகவும் டிசம்பர் 3 முதல் 7 வரை ஒவ்வொரு நாளுக்கும் விலை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இருவருக்கான அடிலெய்டு-சிட்னி டிக்கெட் விலையைவிடக் குறைவாக இருந்தால் உடனே எடுத்துவிடலாம். அது முடிவானால்தான் உங்கள் மூவரின் தேதி முடிவாகும். சந்தேகம் இருந்தால் அந்த விலைகளோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.